ஒசாமு தெசுகா: ஜப்பான் அனிமேஷனை வீடு வீடாகக் கொண்டுபோனவர் மீது இன்றும் ஏன் விமர்சனம்?

1963 ஜனவரி 1. ஜப்பானின் ஃபுஜி டிவியில் அன்று மாலை ஒரு ரோபோ சிறுவன் பறந்து வந்தான். பெயர் ஆட்டம். வெளிநாடுகளில் 'ஆஸ்ட்ரோ பாய்'. வாரம் ஒரு எபிசோடு, அரை மணி நேரம். இன்று உலகம் முழுக்க ஓடும் அனிமே தொடர்களுக்குப் பாதை போட்டது இதுதான். உருவாக்கியவர் ஒசாமு தெசுகா. ஆனா, அதை அவர் விற்ற விலைதான் இன்னும் பேசுபொருள்.

யார் இந்த தெசுகா?

1928-ல் ஒசாகா அருகே டொயோனாகாவில் பிறந்தவர். அப்பா வீட்டிலேயே சின்ன புரொஜெக்டர் வைத்திருந்ததால், டிஸ்னி கார்ட்டூன்கள் பார்த்து வளர்ந்தார். 1945-ல், குண்டுவீச்சில் சிதைந்திருந்த ஒசாகாவில் 'மொமொடாரோ' என்ற போர்ப் பிரசார அனிமேஷன் படத்தைப் பார்த்தார். ஒருநாள் நாமும் படம் எடுக்கணும் என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிட்டது.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் டாக்டருக்குப் படித்தார், லைசென்ஸும் வாங்கினார். ஆனால் வைத்தியம் பார்க்கப் போகவில்லை. மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸ் வரைந்தே நாடறிந்தவர் ஆனார். அந்த வருமானத்தை நம்பித்தான் 1961-ல் சொந்த அனிமேஷன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். அதுதான் 'முஷி புரொடக்‌ஷன்'.

வாரம் ஒரு எபிசோடு எப்படி முடிந்தது?

படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். டிஸ்னி பாணியில் அதற்கு 12 முதல் 24 ஓவியங்கள் வரை வரைவார்கள். தெசுகாவின் குழு எட்டு, சில இடங்களில் அதைவிடக் குறைவாக வரைந்தே சமாளித்தது. அசையாத ஓவியத்தின் மீது கேமராவை நகர்த்துவது, பேசும்போது வாயை மட்டும் அசைப்பது, பழைய எபிசோடு ஓவியங்களைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துவது என எல்லாமே சிக்கனம்தான்.

சிக்கல் எங்கே வந்தது?

இவ்வளவு சிக்கனம் பிடித்தும், தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கே எபிசோடுகளை விற்றார். அப்போதுதான் டிவியும் ஸ்பான்சரும் சம்மதிப்பார்கள், போட்டியாளர்களும் உள்ளே வரமாட்டார்கள் என்பது கணக்கு. துண்டு விழுந்ததை மாங்கா வருமானம், அமெரிக்காவின் என்பிசி-க்கு விற்றது, கதாபாத்திர உரிமை ஆகியவற்றை வைத்து ஈடுகட்டப் பார்த்தார். ஸ்பான்சரான மெய்ஜியின் சாக்லேட், ஆட்டம் ஸ்டிக்கரோடு சக்கைப்போடு போட்டது.

ஆனால் போட்டி பற்றிய கணக்கு தப்பிவிட்டது. அதே 1963-லேயே மற்ற நிறுவனங்களின் தொடர்கள் வந்துவிட்டன. விலை மட்டும் ஏறவில்லை.

'ஆட்டம்' 1966 வரை 193 எபிசோடுகள் ஓடியது. 1965-ல் 'கிம்பா' வெள்ளைச் சிங்கத்தைக் கலரில் கொண்டுவந்தார். 1969-ல் பெரியவர்களுக்காக 'ஆயிரத்தொரு இரவுகள்' படம். இருந்தும் கடன் விடவில்லை. 1971-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1973-ல் ஸ்டூடியோ திவாலானது.

அதன்பிறகு?

தெசுகா நிறுத்தவில்லை. 1984-ல் 'ஜம்பிங்' என்ற ஆறு நிமிடக் குறும்படம் எடுத்தார். துள்ளிக்கொண்டே போகும் ஒருவரின் பார்வையில், வெட்டே இல்லாத ஒரே ஷாட். ஒவ்வொரு துள்ளலுக்கும் மொத்தக் காட்சியையும் புதிதாக வரைய வேண்டும். டிவிக்காகக் கண்டுபிடித்த சிக்கனத்துக்கு நேர் எதிர். ஜாக்ரெப் விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது.

1989 பிப்ரவரி 9-ல் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். வயது 60. அதே ஆண்டு, அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி வெளிப்படையாகவே விமர்சித்தார். மாங்கா கலைஞராக மரியாதை உண்டு, ஆனால் அடிமாட்டு விலை என்ற வழக்கத்தை ஆரம்பித்துவைத்தவர் அவர்தான் என்பது மியாசாகியின் வாதம். முஷியில் அன்றைக்கு நல்ல சம்பளம்தான் கொடுத்தார்கள், பின்னால் வந்தவர்களும் விலையைக் கேட்டு வாங்கவில்லையே என்பது தெசுகா தரப்பின் பதில்.

முஷியிலிருந்து வெளியே வந்தவர்கள்தான் மேட்ஹவுஸ், சன்ரைஸ் போன்ற ஸ்டூடியோக்களைத் தொடங்கினார்கள். வரைகிறவர்களின் குறைந்த கூலி இன்றும் ஜப்பானில் பிரச்சினைதான். தொழிலும் சரி, அதன் தீராத தலைவலியும் சரி, இரண்டுமே அந்த ரோபோ சிறுவனோடு சேர்ந்து வந்தவை.