மூன்றாம் முறை தேறியவர்

பாஸ்பரஸ் அளவிடும் செய்முறை வகுப்பில்தான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை. சோதனைக் குழாயில் நீலம் படர்ந்தது, அளவைக் குறித்துக்கொண்டேன். யார் இந்தச் சுப்பாராவ் என்று கேட்கத் தோன்றவில்லை. முதற்பருவத்தில் கணிதத்தில் தவறி, எவர் கண்ணிலும் படாமல் நூலகத்தில் ஒதுங்கியிருந்த நாளில்தான் அவர் வரலாற்றைப் படித்தேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். இதை வீட்டில் சொன்னேன். பள்ளிக்கூடம் பாராத என் தந்தையார், அப்படியானால் நீயும் மறுபடி எழுது என்று கட்டணப் பணத்தை எடுத்துத் தந்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தவர், ஆராய்ச்சிக்கென அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். நாங்கள் செய்த அந்தச் சோதனை 1925-இல் அங்கே பிறந்தது.

1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடம் சென்றார். 1945-இல் அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். செல் பெருகுவதற்கு இன்றியமையாத சத்து அது. பின்னர் அதைப் போலவே தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் செய்தனர். பசித்த செல்லுக்குப் போலிச் சோறு! பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். பதினாறு பேரில் பத்துப் பேருக்கு நோய் தணிந்ததாக 1948 ஜூனில் அறிவித்தார். தணிவு தற்காலிகமே, ஆனால் அதுவரை அதுவும் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

எஞ்சிய ஆறு பேரை என்னால் மறக்க இயலவில்லை. ஒரே மருந்து ஏன் சிலருக்குப் பலிக்கவில்லை? அதன் இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது, அக்கேள்வியும் தொடர்கிறது. மருந்தைச் செல்லுக்குள் ஏற்றும் புரதத்தின் மரபணு குறைவாக வெளிப்பட்டால் மருந்து போதிய அளவு உள்ளே நுழையாது. ஆகவே நோயுற்ற செல்லில் எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று ஆர்.என்.ஏ.வை அளந்து, மருந்துக்குப் பின் அச்செல்கள் குறையும் வேகத்தோடு ஒப்பிடுகின்றனர் ஆய்வாளர்கள். அந்த ஆறு குழந்தைகளின் செல்களை அப்படிப் பார்க்க அன்று வழியில்லை.

என் மறுதேர்வு ஏப்ரலில் வருகிறது.