செல்போர்ன் தோட்டத்து நாட்குறிப்பு

இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் 1720ஆம் ஆண்டு பிறந்தவர் கில்பர்ட் ஒயிட். தேவாலயப் பணி ஏற்ற அவர், 1751இல் தம் வீட்டுத் தோட்டத்தின் விதைப்பையும் விளைச்சலையும் எழுதத் தொடங்கினார். 1768 முதல் அது இயற்கை நாட்குறிப்பாக விரிந்தது. ஆண்டுதோறும் எப்பறவை எந்நாளில் முதலில் தென்பட்டது என்பதை அதில் பதிந்தார். தோற்றத்தில் ஒன்றுபோலிருந்த இலைக் கதிர்க்குருவிகள் மூன்று தனி இனங்கள் என்பதைக் குரல் வேறுபாட்டால் அறிந்தார். பறவைகளைச் சுட்டு வீழ்த்தியே ஆராய்ந்த காலம் அது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்க.

ஒரு வினா மட்டும் அவரை விடவில்லை. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்குச் செல்கின்றன? கடல் கடக்கின்றன என்றனர் சிலர். உள்ளூரிலேயே மறைந்து உறங்குகின்றன என்றனர் வேறு சிலர். ஜிப்ரால்டரில் வாழ்ந்த தம்பி ஜான், அவை திரள்திரளாக நீரிணையைக் கடப்பதைக் கண்டு எழுதினார். ஆயினும், குளிர் தொடங்கிய பின்னும் செல்போர்னில் சில குருவிகள் பறந்ததை ஒயிட்டே பதிந்திருந்தார். அப்பதிவைப் புறந்தள்ள அவர் மனம் ஒப்பவில்லை. மலைச்சரிவுப் புதர்களில் ஆள்விட்டுத் தேடினார், ஒன்றும் கிட்டவில்லை.

அவருடைய கடிதங்கள் 1789இல் ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ என நூலாயின. 1793 ஜூன் 26இல் மறைந்தார். அம்மாதமும் நாட்குறிப்பு எழுதப்பட்டிருந்தது. தகைவிலான் பற்றிய ஐயம் மட்டும் தீராமலே இருந்தது.