முகம் காட்டாத வீரர்

திரையில் கதாநாயகன் ஓடும் குதிரையிலிருந்து பாய்கிறான். அரங்கமே கை தட்டுகிறது. ஆனால், உண்மையில் பாய்ந்தவர் யார்? அவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. அப்படி முகம் காட்டாமல் உழைத்தவர்களுள் தலைசிறந்தவர் அமெரிக்க நாட்டின் யாக்கிமா கனட்.

1895 ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்து பண்ணையில் வளர்ந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. முரட்டுக் குதிரைகளை அடக்கும் போட்டிகளில், 1917 தொடங்கிப் பலமுறை வாகை சூடினார். அப்புகழே அவரை மௌனப் படங்களில் கதாநாயகனாக்கியது. ஆனால், கப்பற்படையில் இருந்தபோது கண்ட விஷக்காய்ச்சல் அவர் குரலைக் கெடுத்திருந்தது. பேசும் படம் வந்தது. நாயகன் வேடம் போயிற்று. அவர் சோர்ந்தாரா? இல்லை. வில்லனாக வந்து அடி வாங்கினார். நாயகர்களுக்குப் பதிலாகக் குதித்தார், விழுந்தார்.

1939 இல் வெளிவந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில், ஆறு குதிரைகள் பூட்டிய வண்டியின் முன்குதிரைமீது தாவுகிறார். சுடப்பட்டு, குதிரைகளுக்கு இடையே விழுந்து, தரையில் இழுபட்டுக் கையை விடுகிறார். குளம்புகளும் வண்டியும் அவரைக் கடந்து செல்கின்றன! இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதில் வெறும் துணிச்சல் தெரியவில்லை. குதிரைகளின் இடைவெளி, வண்டியின் வேகம், கையை விடும் நொடி - எல்லாம் கணக்கு.

விழும்போது கால் சிக்கி இழுபடாதிருக்க, ஒருபுறம் திறந்த அங்கவடியை அமைத்தார். படாத குத்து பட்டதாகத் தோன்றும்படி கேமராக் கோணம் வகுக்கும் முறையை, ஜான் வேய்னுடன் சேர்ந்து செம்மைப்படுத்தினார். 1959 இல் வெளிவந்த ‘பென்ஹர்’ படத்தின் தேரோட்டக் காட்சிக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே. அதில் நாயகனுக்குப் பதிலாகத் தேரோட்டிய அவருடைய மகன் ஜோ, தேர் துள்ளியதில் முன்புறம் தூக்கி எறியப்பட்டார்.  முகவாயில் சிறு காயத்தோடு தப்பினார்.

என் தந்தை சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்பவர். கயிற்றை இருமுறை இழுத்துப் பார்க்காமல் ஏறமாட்டார். அவர் பூசிய கட்டடங்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. அதனால்தானோ என்னவோ, கனட்டின் வரலாறு என்னை இவ்வளவு தொட்டது.

1967 இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. சண்டைக் கலைஞராக அவர் செய்த சாதனைகளோடு, சக கலைஞர்களைக் காக்கும் சாதனங்களை உருவாக்கியதற்காகவும் அளிக்கப்பட்ட விருது அது. 1986 இல், 90 வயதில் மறைந்தார். எத்தனையோ முறை விழுந்த அந்த மனிதர், பின்னால் வருபவர் பத்திரமாக விழவும் வழி செய்துவிட்டே சென்றார். நண்பர்களே, இனித் திரையில் ஒருவர் குதித்தால், முகம் தெரியாத அவருக்கும் சேர்த்துக் கை தட்டுவோம்.