வாளேந்தியவர்க்கு நிலமில்லை: அண்ணாபாவ் சாத்தே

மகாராஷ்டிரத்தின் வாட்டேகாவ் சிற்றூரில் 1920இல் மாங் சாதியில் பிறந்த அண்ணாபாவ் சாத்தே, பள்ளிக்கல்வி வாய்க்காமல் பம்பாய்த் தொழிலாளர்களிடையே வளர்ந்து கம்யூனிஸ்டானார். 1944இல் தோழர்களுடன் லால் பாவட்டா கலைக்குழுவை நிறுவினார்.

அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கிய அவரது ‘ஃபகீரா’ நாவலில், ஊர் செழிக்க வேண்டி ஜோகிணிச் சடங்குரிமையைப் பக்கத்து ஊரிலிருந்து கொண்டுவரும் மோதலில் மாங் வீரர் ராணோஜி தலையிழக்கிறார். அந்தச் செழிப்போ நிலமுடையோருக்கே. பஞ்சத்தில் ராணோஜியின் மகன் ஃபகீரா பசித்தோருக்காகத் தானியத்தைக் கொள்ளையிடுகையில், அதே வீரம் குற்றமாகிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் சாதி முழுவதையும் அன்றாட வருகைப்பதிவில் நிறுத்துகிறது.

சாதிக்கடமையாகச் சுமத்தப்பட்ட வீரத்தைக் கூலியற்ற உழைப்பென்றே நாம் வாசிக்கிறோம். சாத்தே 1969இல் வறுமையில் மறைந்தார். அவர் சிலைக்கு மாலையிடுவோர் அவர் எழுப்பிய நிலக் கேள்விக்கும் விடையளிக்க வேண்டும்.