பொம்மைக்குச் சட்டை தைத்த மகாராணி

நவராத்திரி வந்துவிட்டால் திருநெல்வேலி டவுணில் வீட்டுக்கு வீடு கொலு. நெல்லையப்பர் கோவிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் நடக்க இடம் இராது.

கொலுவின் மேல் படியில் நிற்பது யார்? மரப்பாச்சி ராஜாவும் ராணியும்!

மரப்பாச்சியை வெறும் மேனியோடு வைப்பது வழக்கம் இல்லை. ராஜாவுக்கு வேட்டி, தலைப்பாகை. ராணிக்குச் சேலை, ரவிக்கை. பழைய பட்டுச் சேலையின் சரிகைக் கரை, தையல்காரர் கத்தரித்துப் போட்ட துண்டு, நாலு பாசிமணி. இவ்வளவுதான் மூலதனம். மீதி எல்லாம் வீட்டுப் பெண்களின் கைவண்ணம்.

இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். இதே விளையாட்டில் ஆறுதல் கண்ட ஒரு சிறுமி, பிற்காலத்தில் பல தேசங்களுக்கு மகாராணி ஆனாள்.

அவளுடைய முகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாட்டியின் காசுமாலையில் பழைய பவுன் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பெண்ணின் தலை இருக்கலாம். அவள்தான் விக்டோரியா.

கூண்டுக் கிளி

1819-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி, லண்டனில் உள்ள கென்சிங்டன் அரண்மனையில் விக்டோரியா பிறந்தாள். அவள் தந்தை எட்வர்டு, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் நாலாவது மகன்.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது தந்தை இறந்துபோனார். அவர் விட்டுச் சென்றது கடன்தான்.

தாயார் ஜெர்மனி தேசத்துப் பெண். அவருடைய குடும்பக் காரியங்களைக் கவனித்துவந்தவர் ஜான் கான்ராய் என்ற அதிகாரி. அவர் பெரிய கணக்குப் போட்டார். பெரியப்பாமார்களுக்கு வாரிசு இல்லாமல் போனால், இந்தக் குழந்தைதான் ராணி. குழந்தை சிறு வயதிலேயே ராணியானால், தாயார் ஆட்சியை நடத்துவார். தாயார் தன் கைக்குள். பிறகு ராஜ்யமே தன் கைக்குள்!

ஆகவே குழந்தையைச் சுற்றி வேலி போட்டார்கள். அவள் தாயாரின் அறையில்தான் தூங்க வேண்டும். யாராவது கையைப் பிடித்துக்கொள்ளாமல் மாடிப்படி இறங்கக் கூடாது. வெளியாரிடம் தனியாகப் பேசக் கூடாது. ஒத்த வயதுத் தோழிகளோடு ஓடி ஆடவும் வழி இல்லை.

தாயாரின் முதல் திருமணத்தில் பிறந்த அக்காள் ஒருத்தி இருந்தாள். பெயர் பியோடரா. அவளும் 1828-ல் கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போய்விட்டாள். அப்போது விக்டோரியாவுக்கு எட்டு வயது.

அரண்மனை பெரிது. பேசத்தான் ஆள் இல்லை.

மரத்தில் பிறந்த தோழிகள்

அவளுக்குத் துணையாக இருந்தவர் லேசென் என்ற ஆசிரியை. இவரும் ஜெர்மனிக்காரர். ஒரு பாதிரியாரின் மகள். கண்டிப்பானவர். ஆனால் குழந்தையின் மனத்தை அறிந்தவர்.

அந்தக் காலத்தில் மரத்தில் செதுக்கிய சிறு பொம்மைகள் கடையில் மலிவாகக் கிடைத்தன. நம் மரப்பாச்சிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். கூரான மூக்கு, சிவப்புச் சாயம் பூசிய கன்னம். கைகால் மட்டும் மூட்டு மூட்டாக மடங்கும். உயரம் மூன்று அங்குலம் முதல் ஒன்பது அங்குலம் வரை.

இளவரசிக்கு ஏற்ற பொம்மையா இது? பார்வைக்கு அழகே கிடையாது. அதுதான் நல்லதாகப் போயிற்று. அழகை இவள் அல்லவா கொடுக்க வேண்டும்!

விக்டோரியாவும் லேசெனும் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு அல்ல, மொத்தம் 132 பொம்மைகள்! அவற்றில் 32 பொம்மைகளுக்கு விக்டோரியா தன் கையாலேயே உடை தைத்து முடித்தாள்.

எப்படிப்பட்ட உடைகள்? அரண்மனைக்கு வரும் சீமாட்டிகளின் உடை. நாடக மேடையில் கண்ட ராணிகளின் உடை. அந்நாளில் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்த நாட்டியக்காரி மரீ தாக்லியோனியின் உடை. கொட்டகையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போதே, கை எப்படி, கொசுவம் எப்படி, எந்த இடத்தில் நாடா என்று மனத்தில் குறித்துக்கொள்வாள். பிறகு அது பொம்மையின் மேல் ஏறும்.

பொம்மைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகமும் உண்டு. பொம்மையின் பெயர் என்ன, அது யாருடைய வேஷம், தைத்தது யார் என்றெல்லாம் அதில் வரிசையாக எழுதிவைத்தார்கள்.

நீளமான பலகையில் முளைகள் அடித்து, பொம்மைகளின் காலை அவற்றில் பொருத்தி நிறுத்துவார்கள். அதுதான் தர்பார்! பேச ஆள் இல்லாத பெண்ணுக்கு ஒரு சபையே கூடிவிட்டது.

அரை அங்குலக் கைக்குட்டை

சிறு பொம்மைக்குத் தைப்பது பெரிய ஆளுக்குத் தைப்பதைவிடச் சிரமம். தையல் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

துணி மொத்தமாக இருந்தால் மடிப்பு விழாது. பொம்மை பெட்டிக்குள் நிற்பதுபோல் இருக்கும். பெரிய பூப்போட்ட துணி என்றால் ஒரே பூ பொம்மையை மூடிவிடும். ஓரம் மடித்துத் தைக்க ஒரு நெல்லளவு இடம்தான் கிடைக்கும். தையல் சற்றே அகலமாக விழுந்தாலும் கண்ணை உறுத்தும். ஆகவே மெல்லிய பட்டு, வலைத்துணி, குறுகிய நாடா, பொடித் தையல் ஆகியவைதான் சரிப்படும்.

விக்டோரியா தைத்த பொம்மைகள் சிலவற்றின் கையில் கைக்குட்டை இருக்கிறது. அதன் அளவு அரை அங்குலச் சதுரம். அந்த அரை அங்குலத்தில் வண்ணப் பட்டு நூலால் பெயரின் முதல் எழுத்தைப் பின்னியிருக்கிறாள்!

அவளுக்கு எந்த நேரம் எழுவது, யாரைப் பார்ப்பது, எங்கே போவது என்று எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்தார்கள். பொம்மைக்கு நீலமா சிவப்பா, நீளக் கையா குட்டைக் கையா என்பதை மட்டும் அவளே தீர்மானித்தாள். அவளுடைய ராஜ்யம் அப்போது நாலு அங்குலம்தான். அதற்குள் அவள் சொல்தான் சட்டம்.

ஏறக்குறைய பதினான்கு வயது வரை, அதாவது 1833 வரை, இந்தத் தையல் நடந்தது. பிறகு பொம்மைகள் பெட்டிக்குள் போயின. அவற்றை அவள் தூக்கி எறியவில்லை.

கட்டில் இடம் மாறியது

1837-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி விடியற்காலை. பெரியப்பா நான்காம் வில்லியம் மன்னர் இறந்த செய்தி வந்தது. பதினெட்டு வயது விக்டோரியா, இங்கிலாந்து ராணி ஆனார்.

கான்ராயின் கணக்குப் பொய்த்தது. பதினெட்டு நிறைந்துவிட்டதால் ராணிக்குப் பதிலாக ஆள யாரும் தேவைப்படவில்லை. அன்றே மந்திராலோசனை சபைக்கு அவர் தனியாகப் போனார். அன்றே தம் கட்டிலைத் தாயாரின் அறையிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். கான்ராய் ராணியின் அரண்மனை வேலையில் இடம் பெறவில்லை.

தலையாட்டும் பொம்மையாக இருப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். இவர் பொம்மைகளை ஆட்டிவைத்தவர்!

கல்யாண உடை

1840-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, உறவினரான ஆல்பர்ட்டை விக்டோரியா மணந்தார்.

வெள்ளிச் சரிகை போட்ட பகட்டான உடைதான் அரச குடும்பத்துக் கல்யாண மோஸ்தர். விக்டோரியா வெள்ளைப் பட்டுக் கவுனைத் தேர்ந்தெடுத்தார். அதன் மேல் கையால் பின்னிய லேஸ். பட்டு, லண்டனில் உள்ள ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவு. லேஸ், டெவன் மாகாணத்தில் பீர் என்ற கடலோர ஊரில் செய்தது.

அந்தச் சமயம் யந்திரத்தில் செய்த வலைத்துணி வந்து, கை லேஸ்காரர்களின் பிழைப்பு நொடித்துக் கிடந்தது. ராணியின் ஒரு உடைக்காக இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் பல மாதங்கள் வேலை செய்தார்கள். வெள்ளை உடையில் மணக்கோலம் பூணும் வழக்கம் மேல்நாடுகளில் பரவியதற்கு இந்தத் திருமணம் ஒரு பெரிய காரணம்.

ஒரு உடைக்குப் பின்னால் எத்தனை விரல்கள் உழைக்கின்றன என்பது, விரலில் ஊசி குத்தியவருக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்து லேஸ்

அதே காலத்தில் நம் தென்பாண்டிச் சீமையிலும் லேஸ் வந்துவிட்டது.

நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் கூலியைச் சேர்த்து, விலை கொடுத்துத் தம்மை விடுவித்துக்கொண்ட பெண்கள் அங்கே உண்டு. ஊசியும் நூலும் விலங்கை அறுத்தன.

மார்த்தாவின் மகள் எலிசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். தேரிமணலும் பனைமரமும் நிறைந்த அந்த ஊரில் பெண்களுக்குப் பள்ளி வைத்தார். லேஸ் வேலையும் பழக்கினார். பெண்களின் கையில் சொந்தக் காசு புழங்கியது.

மறுபக்கம்

விக்டோரியாவின் கதையில் நமக்குக் கசப்பான பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்து, இந்தியா ராணியின் ஆட்சிக்கு வந்தது. தம் நாட்டு லேஸ்காரப் பெண்களுக்கு வேலை கொடுத்தவரின் ஆட்சியில், மான்செஸ்டர் ஆலைத் துணி இங்கே வந்து குவிந்தது. நம் கைத்தறி நெசவாளர்கள் வாடினார்கள்.

1877 ஜனவரி முதல் தேதி, டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம். இங்கே ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தபோது, அங்கே தர்பார் நடந்தது.

அவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. வயதான பிறகு, 1887 முதல், அப்துல் கரீம் என்பவரிடம் இந்துஸ்தானி எழுதப் படித்தார். அரை அங்குலத் துணியை உற்றுப் பார்த்த கண்ணுக்கு, கடல் கடந்து கிடந்த ஜனங்களின் பசி எட்டவில்லை.

பெட்டி திறந்தது

1861-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி ஆல்பர்ட் காலமானார். ஒன்பது பிள்ளைகளின் தாயான விக்டோரியா, அன்றிலிருந்து சாகும் வரை நாற்பது வருஷம் கறுப்பு உடைதான் அணிந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பொம்மைகளுக்கு விதவிதமாக உடுத்திப் பார்த்தவர், தமக்கு ஒரே நிறம் போதும் என்று இருந்துவிட்டார்.

1892-ல் பிரான்சஸ் லோ என்ற எழுத்தாளர், மகாராணியின் அனுமதி பெற்று அந்தப் பழைய பொம்மைகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். 1894-ல் அது படங்களோடு புத்தகமாகவும் வந்தது. அப்போதுதான் உலகத்துக்கு இந்தச் சேதி தெரிந்தது. ஏறக்குறைய அறுபது வருஷம் பொம்மைகள் பத்திரமாக இருந்திருக்கின்றன!

எண்பது வயது தாண்டி, கண் பார்வை மங்கிய பிறகும் அவர் கைவேலையை விடவில்லை. தென்னாப்பிரிக்கப் போரில் இருந்த வீரர்களுக்குக் கழுத்துத் துணிகள் பின்னி அனுப்பினார்.

1901-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி விக்டோரியா காலமானார். அவர் விருப்பப்படி வெள்ளை உடை உடுத்தி, அறுபத்தோரு வருஷத்துக்கு முந்திய கல்யாண லேஸ் முக்காட்டைப் போட்டு அடக்கம் செய்தார்கள்.

அவருடைய பொம்மைகளில் பல லண்டனில் இன்றும் பாதுகாப்பாக உள்ளன.

நம் வீட்டில் செய்யலாமே!

இதற்கு அரண்மனை வேண்டாம். தையல் மிஷினும் வேண்டாம். ஒரு ஊசி, நூல், கத்தரிக்கோல் போதும்.

முதலில் காகிதத்தில் வெட்டி, பொம்மையின் மேல் வைத்து அளவு பாருங்கள். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இரு பக்கமும் ஒன்றுபோல் அமையும். உள்பக்கம் தைத்துப் பிறகு திருப்புங்கள். பழைய வாயில் சேலையும் கிழிந்த வேட்டியும் நன்றாக மடிந்து விழும். கரைத் துண்டுகளைத் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தால் சமயத்தில் உதவும்.

ஆண் குழந்தைகளையும் கூட உட்காரவையுங்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த பையன் தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொள்வான்.

குழந்தை தைத்த சட்டை கோணலாக இருக்கலாம். கை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் போகலாம். பிடுங்கித் திருத்தாதீர்கள். என்ன நிறம், எந்தக் கரை, எவ்வளவு நீளம் என்பதை அதுவே தீர்மானிக்கட்டும்.

வருகிற நவராத்திரிக்கு மரப்பாச்சி ராணிக்குப் புதுச்சேலை கட்டும் பொறுப்பை வீட்டிலுள்ள சின்னக் கைகளிடம் ஒப்படைத்துப் பாருங்கள்.