அடுப்புக்குப் போர்வை போர்த்திய ரம்ஃபோர்டு



எங்க ஊர் சித்தேரி மலை. மார்கழி வந்தால் விடியும்வரை அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம். அம்மா காட்டிலிருந்து சுமந்து வரும் விறகின் சூட்டில் முக்கால்வாசி வீணாகப் போய்விடும். அது ஏன் என்று தெர்மல் வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாடத்துக்குப் பாதை போட்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் தாம்சன் என்ற ரம்ஃபோர்டு பிரபு.

1753-ல் அமெரிக்காவின் வோபர்ன் ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, 13 வயதில் கடைப் பையன் ஆனார். கல்லூரியில் சேர வழியில்லை. ஹார்வர்டில் நடந்த விஞ்ஞானச் சொற்பொழிவுகளை நடந்தே போய்க் கேட்டு வந்தார்.

பிறகு ஜெர்மனியின் பவேரியாவில் ராணுவப் பொறுப்பு. வீரர்களின் உடுப்புக்காகக் கம்பளி, ரோமம், இறகு எல்லாவற்றையும் சோதித்தார். சூட்டைத் தடுத்து நிறுத்துவது அவற்றுக்குள் அடைபட்ட காற்றுதான் என்று கண்டார். 1792-ல் காப்ளி பதக்கம் கிடைத்தது.

அடுத்து, லண்டன் வீடுகளின் கணப்புகளைத் திருத்தினார். தீ எரியும் குழியைச் சிறிதாக்கி, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் வாயைக் குறுக்கினார். புகை குறைந்தது, சூடு அறைக்குள் வந்தது. இரும்பு வேண்டாம், செங்கல்லே நல்லது என்றும் எழுதினார். இன்று குளிர் நாடுகளில் பழைய கணப்புக்குள் இரும்பு அடுப்பைச் செருகி, சுற்றிலும் தீப்பிடிக்காத பாறைக் கம்பளி அடைக்கிறார்கள். சூடு வெளிச்சுவரில் வீணாகாது. காரணம், அதே அடைபட்ட காற்று!

பீரங்கி துளைக்கும்போது எழுந்த உராய்வுச் சூட்டிலேயே, நெருப்பில்லாமல், இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினார். 1798-ல் அதை வெளியிட்டார். மறு வருஷம் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் அமையக் காரணமானார். 1814-ல் பாரிஸ் அருகே காலமானார்.

குறையும் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயருக்கு உளவு சொன்னவர் அவர். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு 1776-ல் கப்பலேறியவர், மனைவியைத் திரும்பப் பார்க்கவேயில்லை. அறிவு வளர்ந்தது, வீடு மறந்தது.

எங்க வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். போன லீவில் எங்க அடுப்பைச் சுற்றி இன்னொரு மண் சுவர் எழுப்பி, இடையில் சாம்பல் நிரப்பினேன். இப்போது வெளிச்சுவரில் கை வைக்க முடிகிறது. அம்மா இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார்கள்.

நண்பர்களே, படித்ததை வீட்டுக்கும் கொண்டு போவோம்!