நகையும் அழுகையும்: சந்திரபாபுவின் வாழ்வு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையை முதலிலும் அழுகையை அதனையடுத்தும் வைத்தார். இவ்வரிசையை மாணவப் பருவத்தில் மனப்பாடமாகச் சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். ஒரு மனிதரின் வாழ்வோடு பொருத்திக் காணும்போதுதான் அதன் நுட்பம் நமக்குப் புலனாகின்றது. நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவின் வாழ்வு அத்தகையது.

சந்திரபாபு 1927ஆம் ஆண்டு தூத்துக்குடியில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் விடுதலைப் போராட்ட வீரர். அக்குடும்பம் இலங்கைக்குப் பெயர நேர்ந்தமையால் சந்திரபாபு கொழும்பில் வளர்ந்தார். 1943இல் சென்னைக்குத் திரும்பினர். 1947இல் வெளியான 'தன அமராவதி' அவருடைய முதற்படம். ஆயினும் திரையுலகின் கதவுகள் அவருக்கு எளிதில் திறக்கவில்லை.

அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கென்பது தொல்காப்பியம். இந்நான்கும் வரிசை பிறழாமல் இவருடைய வாழ்வில் வந்தமை வியப்புக்குரியது.

முதலில் வந்தது இளிவு. வாய்ப்புத் தேடி அலைந்து, புறக்கணிப்பைத் தாங்கமாட்டாது, 1952இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்; காப்பாற்றப்பட்டார். வழக்கு நீதிமன்றம் சென்றபோது, நீதிபதியின் முன்னே தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்ட காயம் பிறர் கண்ணுக்குத் தெரியும், அதன் வேதனை தெரியாது என உணர்த்தினார் என்பர். அவ்வாண்டிலேயே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

அதன்பின் அவர் ஏறிய உயரம் பெரிது. 'புதையல்' (1957), இரட்டை வேடம் தாங்கிய 'சபாஷ் மீனா' (1958), 'சகோதரி' (1959) முதலிய படங்கள் அவர் புகழைப் பரப்பின. 'சகோதரி' படம் முடிந்தபின், அதற்குச் சுவையூட்ட வேண்டி அவருடைய பால்காரன் பகுதி சேர்க்கப்பட்டது என்பது அவர் பெற்றிருந்த செல்வாக்குக்குச் சான்று. தம் பாடல்களைத் தாமே பாடினார். யோடலிங் எனும் மேனாட்டுப் பாடுமுறையைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தார். சென்னைத் தெருக்களின் பேச்சுமொழியை இசையோடு திரையில் உலவவிட்டார். அவருடைய உடல் வளைந்தாடிய ஆட்டத்தைக் கண்டு கொட்டகைகள் அதிர்ந்தன.

இரண்டாவது இழவு. 1958இல் மணம் புரிந்தார். மனைவியின் உள்ளம் வேறொருவரிடம் இருப்பதை அறிந்ததும், சினங்கொள்ளாது, அவர் விரும்பிய வாழ்வுக்கே அவரை அனுப்பிவைத்தார். திரையில் கோமாளியாக நின்றவர் வாழ்வில் காட்டிய பெருந்தன்மை இது. அப்புண் ஆறவில்லை, மது அவருக்குத் துணையாயிற்று.

மூன்றாவது அசைவு, அஃதாவது முன்னைய நிலை குலைதல். எம்.ஜி.ஆரை நாயகராகக் கொண்டு அவர் இயக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. கடன் பெருகியது, ஆசையோடு கட்டிய வீடும் கைவிட்டுப் போயிற்று. 1966இல் அவர் இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' அவரை மீட்கவில்லை. பிறரைக் குறை கூறுவது மட்டும் நேர்மையாகாது. படப்பிடிப்புக்கு வாராமையும் நாவடக்கமின்மையும் மதுவும் அவர் தாமே தேடிக்கொண்ட பகைகள்.

நான்காவது வறுமை. 1974 மார்ச் 8ஆம் நாள், நாற்பத்தாறாம் வயதில், அவ்வறுமையிலேயே அவர் மறைந்தார்.

பின்னாளில் அவர் வரலாறு நூலாகவும் தொலைக்காட்சித் தொகுப்புகளாகவும் வெளிவந்தபோது, சுவைஞர் இருவகையாகப் பிரிந்தனர். ஒரு சாரார் அவரை வஞ்சிக்கப்பட்ட அப்பாவி என்று கண்ணீர் வடித்தனர். மற்றொரு சாரார் குடித்துக் கெட்டவர் என்று தீர்ப்பளித்தனர். இரண்டுமே அவரை முழுமையாகக் காணாத பார்வைகள் என்பது நம் கருத்து. இரக்கம் அவருடைய குற்றத்தை மறைக்கிறது. தீர்ப்பு அவருடைய உழைப்பை மறைக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மக்களைச் சிரிக்கவைத்த கலைத்திறம் எத்துணைப் பயிற்சியால் வந்தது என்பதை எண்ணுவோர் சிலரே.

மாணவச் செல்வங்கள் இதனின்று கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் விடுதியிலும் பிறரைச் சிரிக்கவைக்கும் ஒருவன் இருப்பான். அவனுக்கும் துயர் உண்டென நாம் நினைப்பதில்லை. அவன் வாடியிருந்தால் அதனையும் வேடிக்கையென்றே கொள்கிறோம். மாலையில் அவனருகே அமர்ந்து நலம் வினவுவதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. மது துணையாக வருமுன் மனிதர் துணையாக வந்திருப்பின், சந்திரபாபு இன்னும் பல்லாண்டு நம்மைச் சிரிக்கவைத்திருக்கக் கூடும்.

நகைக்கு அடுத்த இடத்திலேயே அழுகையை வைத்த தொல்காப்பியரின் வரிசையை இனி ஒப்பிக்கும்போது, இம்மனிதரையும் நாம் நினைவுகூர்வோமாக.